ஐலீன் கட்டிய வீடு

வீடு யாருடையது என்று கேட்டால் பத்திரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் எந்த அலமாரி கைக்கு எட்டும், எந்த ஜன்னலில் வெயில் கண்ணைக் குத்தும் என்பதெல்லாம் அங்கே புழங்குகிறவளுக்குத்தானே தெரியும்? அதையெல்லாம் யோசித்து யோசித்து வீடு கட்டிய ஒரு பெண்மணியைப் பற்றி இந்தத் தடவை சொல்கிறேன், கேளுங்கள்.

ஐலீன் கிரே 1878-ல் அயர்லாந்தில் பிறந்தவர். லண்டனில் ஓவியம் படித்து, பாரிஸில் சுகவாரா என்ற ஜப்பானியரிடம் அரக்குப் பூச்சு வேலை கற்றார். கட்டடக் கலை படிக்கக் கல்லூரிப் பக்கமே போனதில்லை. ஆனாலும் 48 வயதில், 1926-ல், தெற்கு பிரான்சில் ரொக்புருன் கடலோரத்தில், நண்பர் ழான் பதோவிசிக்காக ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். 1929-ல் முடிந்தது.

வீட்டின் பெயர் 'ஈ-1027'. லாரி நம்பர் மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? 'ஈ' என்பது ஐலீன். 10, 2, 7 என்பவை ஆங்கில எழுத்து வரிசையில் ஜே, பி, ஜி. நண்பரின் முதலெழுத்துகளை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் தன்னுடையதைப் போட்டுவிட்டார்!

உள்ளே எல்லாம் கச்சிதம். நாம் டப்பாவில் 'துவரை', 'உளுந்து' என்று எழுதி ஒட்டுகிறோமே, அது போலத் தொப்பி, தலையணை வைக்கும் இடங்களில் பெயரே எழுதியிருந்தார். சமையலறை தனியாக இருந்தது. கண்ணாடித் தடுப்பை மடக்கினால் திறந்த வெளியில் சமைக்கிற மாதிரி ஆகிவிடும். கட்டிலுக்கடியில் காலை நுழைத்து நிற்கும் ஒரு வட்ட மேஜையும் செய்தார். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். படுக்கையில் உட்கார்ந்தே காபி குடிக்கலாம். உடம்பு முடியாதவர்களுக்கு எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

பிறகு இருவரும் பிரிந்தார்கள். ஐலீன் வீட்டை விட்டுப் போய், காஸ்தெலாரில் தனக்கென்று வேறொரு வீடு கட்டிக்கொண்டார். 1938, 39-ல், நம் சண்டிகர் நகரத்தை வடிவமைத்தாரே, அதே லெ கொர்புசியே இந்த வீட்டுக்கு வந்து தங்கினார். சுவர்களில் பெரிய பெரிய சித்திரங்களைத் தீட்டிவிட்டார். ஐலீனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! போதாததற்கு, வீட்டைக் கட்டியது பதோவிசி என்றும் கொர்புசியே என்றும் பலர் சொல்ல ஆரம்பித்தார்கள். கட்டியவள் பெயர் பல வருஷம் மறந்தே போயிற்று.

1968-ல் ஒரு கட்டுரையாளர் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறு! 1976-ல், 98 வயதில் பாரிஸில் காலமானார். பழுது பார்த்த அந்த வீட்டை 2021 முதல் எல்லோரும் போய்ப் பார்க்கலாம். சுவர்ச் சித்திரங்களும் இருக்கின்றன. ஆனால் வீடு யாருடைய வேலை என்பதில் இப்போது யாருக்கும் சந்தேகமில்லை.

வீடு கட்டப் போகிற சகோதரிகளே, மேஸ்திரி வரும்போது காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். அடுப்பு மேடை எவ்வளவு உயரம், அலமாரி எங்கே வர வேண்டும் என்று நின்று சொல்லுங்கள். நாளைக்கு அங்கே நிற்கப் போவது நம் கால்கள்தானே!