ஏலகிரி மரம் ஆலைப் புகைக்கு ஈடாகாது

"ஏலகிரியில் காடு வளர்க்கப் பணம் கொடுத்தால் ஆலைப் புகைக்குச் சரியாகிவிடும்" என்ற வாதத்தை ஏற்க முடியாது. ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தில் நின்றாலே தெரிகிற மலை அது. கோடையில் அங்கே காட்டுத்தீ பிடிப்பது ஊரறிந்த செய்தி. மரம் எரிந்தால் அது பிடித்துவைத்த கார்பன் சில மணி நேரத்தில் காற்றில் கலந்துவிடும். நிலக்கரியும் டீசலும் விட்ட கார்பனோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

வெட்டப்படவே போகாத காட்டைக் காப்பாற்றியதாகச் சொல்லி, புகைக்கு ஈடாகக் கார்பன் கிரெடிட் விற்பது இன்னும் மோசம். வெர்ரா என்ற அமைப்பு சான்றளித்த மழைக்காட்டு கார்பன் கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் வெற்றுக் கணக்காக இருக்கலாம் என்றது, 2023 ஜனவரியில் கார்டியன் உள்ளிட்ட ஏடுகள் நடத்திய புலனாய்வு. வெர்ரா அதை மறுத்தது.

1996இல் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாழான நீருக்கு ஈடாக வேறெங்காவது குளம் வெட்டச் சொன்னதா? கழிவைச் சுத்திகரி, இல்லையேல் ஆலையை மூடு என்றது. புகைக்கும் அதுதான் நியாயம். மரம் தாராளமாக நடுங்கள். ஆலையில் எரிப்பதை முதலில் குறையுங்கள்.