லேப்டாப்புக்கு விசிறிப் பலகை: அளந்து பார்த்து வாங்குவோம்

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பேரேட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் கல்லாவில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மாதக் கணக்கு அனுப்பும் வியாபாரிகள் 20-ந் தேதிக்குள் 3பி படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். அன்றைக்கென்று பார்த்து, உச்சி வெயில் நேரத்தில் அந்தப் பெட்டி கொதித்து, ஆமை வேகத்தில் ஊரும். தாமதக் கட்டணம் நம் தலையில். உடனே பக்கத்துக் கடைக்காரர், "கூலிங் பேடு ஒன்று வாங்குங்கள் அண்ணாச்சி" என்பார்.

லேப்டாப்பின் மூளையான பிராசசர், சூடு சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் அணைந்துவிடும். பல கம்பெனிகள், அறை வெப்பம் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றே குறிப்பேட்டில் போட்டிருக்கிறார்கள். சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகை மண்டிக்கு இது எங்கே பொருந்தும்?

எங்கள் மண்டியில் ஒரு பலகையை இரவல் வாங்கிச் சோதித்தோம். 2020-ல் கொரோனாவுக்காக வாங்கிய நெற்றி வெப்பமானியில் பொருள்களின் மேல்சூட்டைப் பார்க்கும் வசதியும் உண்டு. ஒரே பில் வேலையை அரை மணி நேரம் மேஜை மேலும், அரை மணி நேரம் விசிறி ஓடாத பலகை மேலும், அரை மணி நேரம் விசிறி ஓடும் பலகை மேலும் செய்தோம். அடிப்பாகச் சூடு முறையே 47, 44, 42 டிகிரி. அதாவது, கிடைத்த லாபத்தில் பாதிக்கு மேல் வெறுமனே தூக்கி வைத்ததிலேயே வந்துவிட்டது! அதற்கு இரண்டு மரச்சட்டம் போதுமே. இது கைக்குத் தெரியும் சூடு மட்டுமே. உள்சூட்டைக் காட்ட இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வாங்குமுன் அதையும் ஓட விட்டுப் பார்க்க வேண்டும்.

லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். காற்றுத் துளைகள் அடியில் இருந்து, விசிறியும் அதற்கு நேராக இருந்தால்தான் முழுப் பலன். சாதாரண யு.எஸ்.பி. துவாரம் கொடுப்பது 5 வோல்ட், அரை ஆம்பியர், இரண்டரை வாட்தான். அதில் ஓடும் விசிறியிடம் சீலிங் ஃபேன் காற்றை எதிர்பார்க்கலாமா? கரண்ட் போனால் அதுவும் பேட்டரியைத்தான் தின்னும்.

மெத்தை, திண்டு போட்டுத் தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதும் மண்டிகளுக்கு மட்டும் இதைத் தயங்காமல் சொல்வேன். மெத்தை துளைகளை அடைத்துவிடும். மடியிலேயே தினமும் மணிக்கணக்கில் வைத்திருந்தால் தோல் கறுத்து வலைபோல் தழும்பு விழுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பலகை இரண்டுக்கும் தடுப்பு. ஆனால் பின்பக்கம் அதிகம் உயர்ந்த பலகையில் நூறு பில் போட்டால் மணிக்கட்டு வலிக்கும். விசிறி இரைச்சலில் வாடிக்கையாளர் சொல்லும் சரக்குக் கணக்கும் காதில் விழாது.

வத்தல் தூள், மாவு, சாக்குத் தூசி பறக்கும் கடைகளில் இந்த விசிறியே தூசியை உள்ளே தள்ளும். பலகைக்குச் செலவழிக்குமுன், மெக்கானிக்கிடம் கொடுத்து உள்ளே சுத்தம் செய்து பாருங்கள். பல பெட்டிகளுக்கு அதுவே போதும்.

குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் மூட்டை எடுப்பதில்லை. நம் லேப்டாப்பையே கொண்டுபோய் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க விடாத கடைக்காரரிடம் பலகையும் எடுக்க வேண்டாம். அடுத்த கடையில் கேட்கலாம்.