அரங்கத்துக்கு அடியில் ஒரு தோட்டம்

மலேசிய அணிக்கு ஆட்டம் என்றால் போதும், நம் பிள்ளைகள் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு புக்கிட் ஜாலிலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எல்ஆர்டியை விட்டு இறங்கினால் அரங்கம் கண்ணெதிரே நிற்கிறது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். ஹரிமாவ் மலாயாவின் வீடு இதுதான் என்கிறார்கள். சரி, அணி வருவதற்கு முன்னால் அது யார் வீடாக இருந்தது? பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

அது ரப்பர் தோட்டம். நம்மவர்கள் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய காடு. 1980-இல் அரசாங்கம் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. அதன்பின் கோல்ஃப் திடல் வந்தது, தொழில்நுட்பப் பூங்கா வந்தது, பல்கலைக்கழகம் வந்தது, நாம் வாங்க முடியாத வீடுகளும் வந்தன. 1998 காமன்வெல்த் போட்டிக்காக இந்தத் தேசிய அரங்கமும் எழுந்தது. பழைய கதைக்குச் சாட்சியாக நிற்பது அங்குள்ள தமிழ்ப்பள்ளி. அதன் பெயரில் மட்டும் இன்றும் 'லாடாங்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2010 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கிறதா? சுசுகி கிண்ண இறுதியாட்டத்தின் முதல் சுற்றில், இதே அரங்கில், இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்தினோம். மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கோல் கணக்கில் கிண்ணம் நமக்கே வந்தது. மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுதான் முதல் தடவை. பயிற்றுநர் நம்ம கே. ராஜகோபால். அணியில் எஸ். குணாளனும் இருந்தார். 31-ஆம் தேதி நாட்டுக்கே விடுமுறை!

விடுமுறை முடிந்து 2011 பிறந்தது. அதே புக்கிட் ஜாலிலில், தோட்டத்து வீடுகளில் எஞ்சியிருந்த குடும்பங்கள் வெளியேறச் சொல்லும் உத்தரவை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தன. அவர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? மீதமிருந்த 26 ஏக்கரில் 4 ஏக்கர். தரைவீடு கட்டிக்கொள்ள. ஒரு தமிழர் கிண்ணம் வாங்கித் தந்தபோது நாடே அவரை 'நம்மவர்' என்று தூக்கிக் கொண்டாடியது. அதே மண்ணில் மரம் சீவியவர்கள் ஏக்கர் கணக்கைச் சொன்னதும் 'அத்துமீறிக் குடியிருப்போர்' ஆகிவிட்டார்கள். இது என்ன நியாயம்?

அரங்கம் கட்டியது தவறென்று நான் சொல்லவில்லை. நானும் அங்கே தொண்டை கட்டக் கத்தியவன்தான். வளர்ச்சி வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: லட்சம் பேர் உட்கார இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்குச் சில குடும்பங்கள் படுக்க இடம் ஒதுக்கத் தெரியாதா?

வீட்டோடு போனது இன்னொன்றும் உண்டு. தோட்டத்துத் திடல். அந்தி சாய்ந்தால் வேலைக்காட்டிலிருந்து வந்த கால்கள் அங்கேதான் பந்து உதைத்தன. பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் பெண்களும் கிழவர்களும்கூடத் திடலைச் சுற்றி நிற்பார்கள். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது, கோல் காத்தவர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். (அந்த ஒலிம்பிக்கை அரசாங்கம் புறக்கணித்ததால் அணி போகவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.) இன்று தேசிய அணியில் நம் பெயர்களைத் தேட வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று மேடையில் பேசுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பந்து உதைத்தால் பாதுகாவலர் விரட்டுகிறார். ஃபுட்சல் திடலுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஆர்வம் எங்கே போய் ஓடும்?

ஆகவே, தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் ஒவ்வோர் அடுக்குமாடிக்கும் பக்கத்தில், வாடகை இல்லாத ஒரு புல் திடல் வேண்டும். தேர்தல் நேரத்தில் பந்தும் சட்டையும் கொடுக்க வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். சட்டையை வாங்கிக்கொண்டே கேளுங்கள், பரவாயில்லை.

புக்கிட் ஜாலில் தோட்டத்தில் மரம் சீவியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது அப்படி ஒரு தாத்தாவையோ பாட்டியையோ கூட்டிப் போங்கள். எந்த மூலையில் வீடு இருந்தது, எந்தப் பக்கம் கோயில், எங்கே திடல் என்று அவர்கள் கைகாட்டட்டும். பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடித்து வைக்கட்டும்.