‘உம்மில விருப்பம்’: யாழ்ப்பாணத் தமிழுக்குக் காதல் சொல்லத் தெரியாதா?

யாழ்ப்பாணத்தில் இன்று மேடையேறும் நாடகங்களையும் எடுக்கப்படும் குறும்படங்களையும் கூர்ந்து நோக்குவோர் ஒரு விசித்திரத்தைக் காணத் தவறார். கதாநாயகன் முற்றத்தில் நின்று தாயை ‘என்னணை’ என்று விளிக்கிறான். நண்பனிடம் ‘ஓமடா, நான் வாறன்’ என்கிறான். கடைக்காரரோடு விலை பேசுகிறான். இவ்வளவும் யாழ்ப்பாணத் தமிழ். ஆனால் காதலி வேலிப்படலையைத் திறந்துகொண்டு வந்தவுடன் அவனுடைய நாக்குப் பாக்குநீரிணையைக் கடந்துவிடுகிறது. ஒன்றில் சென்னைச் சினிமாவின் வசனம், அல்லது மேடைப் பேச்சாளரின் செந்தமிழ். அவளும் அவ்வாறே விடையிறுக்கிறாள். அவள் போன பின்னர் அவன் மீண்டும் ஊர்த் தமிழுக்குத் திரும்புகிறான். இந்த ஐந்து நிமிட மொழிமாற்றத்தைக் கண்டு எவரும் வியப்பதில்லை என்பதே வியப்பிற்குரியது.

இதற்குக் காட்டப்படும் நியாயம் யாவரும் அறிந்ததே. யாழ்ப்பாணப் பேச்சு கரடுமுரடானது. சண்டைக்கும் பகிடிக்கும் ஒப்பாரிக்கும் உதவுமேயன்றிக் காதலின் மென்மையைத் தாங்காது என்பர். இக்கூற்று மொழியியலுக்கும் முரணானது. யாழ்ப்பாண மக்களின் வாழ்வுக்கும் முரணானது. இதன் பின்னால் பழைய அவமதிப்பொன்று வேறு உடையில் நிற்கிறது.

1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை இவ்விடத்து நினைவுகூருதல் வேண்டும். கதைகளிற் பேச்சுவழக்கைக் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரை நோக்கி, அது ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டித மரபினர் முகஞ்சுளித்தனர். சவரத் தொழிலாளியாக வாழ்ந்த டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960 இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றிருந்த காலம் அது. ‘இழிசனர்’ என்ற சொல் மொழியை மட்டும் சுட்டவில்லை, அம்மொழியைப் பேசுவோரையும் சுட்டியது என்பதை அன்றைய இளம் எழுத்தாளர் உடனே விளங்கிக்கொண்டனர். கைலாசபதி, சிவத்தம்பி முதலிய விமர்சகர் அவர்கள் பக்கம் நின்றனர். பண்டிதர் தோற்றனர் என்றே இலக்கிய வரலாறு எழுதுவோர் கூறுவர்.

அது அரை வெற்றியே. உழைப்பு, பசி, வழக்கு, ஏச்சு ஆகியவற்றுக்குப் பேச்சுவழக்கு உரிமை பெற்றது. காதலோ பெரும்பாலும் பண்டிதர் கையிலேயே விடப்பட்டது. கூலிக்காகப் போராடும்போது ஊர்த் தமிழிற் பேசிய பாத்திரங்கள் காதலிக்கும்போது பாடப்புத்தகத் தமிழிற் பேசின. (வர்க்கப் போராட்டத்தைப் பற்றி எழுதக் கூசாத பேனா ‘குஞ்சு’ என்ற சொல்லை எழுதக் கூசியதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.) விதிவிலக்குகள் இல்லாமலில்லை. மஹாகவி உருத்திரமூர்த்தி ‘கோடை’ என்னும் பாநாடகத்தில் யாழ்ப்பாணப் பேச்சின் ஓசையையே செய்யுளாக்கிக் காட்டினார். செய்யுளே அதைத் தாங்குமெனின் உரைநடை உரையாடல் தாங்காதென்பது எவ்வாறு பொருந்தும்?

ஒருபுறம் இவ்வாறிருக்க, மறுபுறத்தில் நகைச்சுவை யாழ்ப்பாணத் தமிழைத் தன் தனிச்சொத்தாக்கிக்கொண்டது. இலங்கை வானொலியில் ‘லண்டன் கந்தையா’ பெற்ற புகழ் நியாயமானதே. ஆயின் வானொலியிலிருந்து திரைக்கு வந்த ‘கோமாளிகள்’ (1976) படத்தில் யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் ஆகிய மூன்றும் சிரிப்பூட்டும் பண்டங்களாக ஒரே தட்டில் வைக்கப்பட்டன. 2000 இல் வந்த ‘தெனாலி’யில் கமல்ஹாசன் யாழ்ப்பாணத் தமிழில் காதலும் சொன்னார், தமிழகமும் சிரித்தது, யாழ்ப்பாணமும் சேர்ந்து சிரித்தது. அப்படத்தின் நாயகன் போரில் யாவற்றையும் இழந்து அச்சநோயாளியானவன் என்பது அச்சிரிப்பில் மறைந்தே போயிற்று.

‘பொன்மணி’யின் கதை இதைவிடத் துயரமானது. 1972 இல் ‘குத்துவிளக்கு’ யாழ்ப்பாண மண்ணைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1977 இல் சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ, காவலூர் இராஜதுரையின் எழுத்தைக் கொண்டு, சாதியால் தடுக்கப்பட்ட ஒரு யாழ்ப்பாணக் காதலை ‘பொன்மணி’யாகப் படைத்தார். அதில் வருவோர் வீட்டிற் பேசுவதுபோற் பேசினர். பேசாதிருக்க வேண்டிய இடத்திற் பேசாதிருந்தனர். யாழ்ப்பாணத்து இரசிகர் அதனை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டில் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி வந்த ‘வாடைக்காற்று’ ஓரளவு தாக்குப்பிடித்தது. சிங்களத் திரைப்படமும் ஒருகாலத்தில் தென்னிந்திய வார்ப்பிலேயே உருவானது. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் ‘ரேகாவ’ அவ்வார்ப்பை உடைத்துக் கிராமத்துக்குப் போயிற்று. அப்படியொரு முயற்சியைத் தமிழில், அதுவும் யாழ்ப்பாணத்தில், வேற்றுமொழியாளர் ஒருவர் செய்து தந்தபோது அதை வெறும் நாற்காலிகளே வரவேற்றன.

இனி, குறைபாடுடையதெனப்படும் மொழியையே நோக்குவோம். யாழ்ப்பாணத்தான் இயல்பாகக் காதலைச் சொல்லும் வாக்கியம் ‘எனக்கு உம்மில விருப்பம்’ என்பது. இதில் ‘நான்’ என்ற எழுவாய் இல்லை. ‘உன்னை’ என்ற செயப்படுபொருளும் இல்லை. காதல் ஒருவர் மற்றவர்மீது செய்யும் வினையன்று. ‘எனக்கு’ நேர்வது, ‘உம்மில’ தங்குவது. கோபம், நம்பிக்கை, இரக்கம் யாவும் யாழ்ப்பாணத்தில் இந்த ‘இல்’லிலேயே தங்குகின்றன. ‘என்னில கோவமோ?’ என்ற கேள்வியின் கனிவை ‘என்மேல் கோபமா?’ என்பது தராது. ‘சரியான விருப்பம்’ என்று அதற்கு அழுத்தமும் கொடுப்பர். சிங்களத்தில் காதலுக்கு வழங்கும் ‘ஆதரய’ என்ற சொல்லும் காதலிக்கப்படுபவரை நான்காம் வேற்றுமையிலேயே வைக்கும். அயலவர் இருவரும் இங்கே ஒரே திசையில் நடந்திருப்பது சிந்தனைக்குரியது.

‘உம்மில’ என்பதிலுள்ள ‘நீர்’ இன்னும் நுட்பமானது. ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் இடைப்பட்ட இப்படியைத் தமிழகத்தின் பெரும்பகுதி இழந்துவிட்டது, யாழ்ப்பாணம் இழக்கவில்லை. ‘நீங்கள்’ என்று தொடங்கிய இருவர் ஒருநாள் ‘நீர்’ என்று தடுமாறும் கணத்தில் ஊர் முழுவதற்கும் செய்தி தெரிந்துவிடும். தலைவி தன் வேட்கையைத் தலைவனுக்கு நேரே எடுத்துரையாள் என வகுத்த களவியலாருக்கு இத்தடுமாற்றம் பெருவிருந்தாகியிருக்கும். நாடகாசிரியர் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த காட்சி வேறென்ன வேண்டும்? அவரோ கடற்கரைக்குப் பாத்திரங்களை அழைத்துச்சென்று நிலவைப் பற்றிப் பேசவைக்கிறார்.

எனினும் இம்மொழியைத் தெய்வமாக்குவதும் தவறு. வீட்டிலே கணவன் ‘நீர்’ அல்லது ‘நீ’ என்பான். மனைவி ‘நீங்கள்’ என்றே திருப்பிச் சொல்லவேண்டும். ‘இஞ்சாரும்’ என்ற அழைப்புக்கு ‘இஞ்சாருங்கோ’ என்பதே பதில். பல்கலைக்கழகத்தில் ஒருவரையொருவர் ‘நீர்’ என்றழைத்துப் பழகிய இருவரிடையே, தாலி ஏறிய மறுநாள் அவளுடைய ‘நீர்’ மட்டும் ‘நீங்கள்’ ஆகிவிடுவதை மாமியார் மட்டுமன்றி நண்பரும் எதிர்பார்க்கின்றனர். சாதியின் பிடி இதனினும் கொடியது. யாழ்ப்பாணச் சமூகத்தில் சாதிக்கும் மொழிக்குமுள்ள உறவைப் பேராசிரியர் சுசீந்திரராசா 1978 இலேயே ஆராய்ந்து எழுதினார். ஒடுக்கப்பட்டோர் ‘நயினார்’, ‘நாச்சியார்’ என்று கைகட்டி விளிக்க, வயதில் இளையோர் அவர்களை ‘நீ’ என்று அழைத்த ஊரில், அந்த எல்லையைக் கடந்து காதலித்த இருவர் எந்தச் சுட்டுப்பெயரால் ஒருவரையொருவர் அழைத்திருப்பர்? டானியலின் ‘பஞ்சமர்’ (1972) திறந்துவைத்த உலகில் இக்கேள்விக்கு இடமுண்டு. ‘பொது’த் தமிழிற் காதல் எழுதுவோர் இக்கேள்வியையே அழித்துவிடுகின்றனர். அவர்களுடைய காதலருக்குச் சாதியும் இல்லை, ஊரும் இல்லை; எனவே தடையும் இல்லை, கதையும் இல்லை.

அவ்வாறே ‘யாழ்ப்பாணத் தமிழ்’ என்று ஒன்றைமட்டும் உயர்த்துவோரும் எச்சரிக்கையாயிருத்தல் நன்று. வலிகாமத்து வீடுகளின் பேச்சை நியமமாக்கி, தீவகத்தாரின் இழுப்பையும் கரையோரத்தார் சொற்களையும் பகிடிக்கு விடுவது பண்டிதர் செய்ததையே மீண்டும் செய்வதாகும்.

வெளியூரவருக்கு விளங்காதே என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. மதுரைப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் யாழ்ப்பாணத்தார் அரும்பதவுரையின்றியே விளங்கிக்கொண்டனர்.

அச்சிலும் மேடையிலும் மறுக்கப்பட்ட இடத்தை இன்று கைபேசி கொடுத்துவிட்டது. முன்னைய தலைமுறை ‘அன்புள்ள’ என்று தொடங்கி ‘இப்படிக்கு’ என்று முடித்து எழுத்துத் தமிழிலேயே காதற்கடிதம் எழுதியது. பேசியதை எழுத வழியிருக்கவில்லை. இன்றைய மாணவர் ‘சாப்பிட்டிட்டீரோ’, ‘என்னில கோவமோ’, ‘கவனமாப் போட்டு வாரும்’ என்று பேசுவதையே தட்டச்சிடுகின்றனர், பல வேளைகளில் ஆங்கில எழுத்துகளைக்கொண்டு. இரவு பன்னிரண்டு மணிக்கு இவ்வாறு எழுதியவரே மறுநாட் காலை கலைவிழாவுக்கான நாடகப் பிரதியை எடுத்துவைத்து, நாயகியின் வாயில் ‘உங்கள் விழிகளில் என்னைத் தொலைத்துவிட்டேன்’ என்று எழுதுகிறார்.