அறுநூறு வீடுகளும் ஒரு நகரமும்

பண்டைக்காலத்தைப் பற்றி எழுதுவோரிடம் நெடுநாளாக ஒரு பலவீனம் இருந்து வருகின்றது. கிடைத்தது குடிசையேயாயினும் அதனை மாளிகையாக்கிக் காட்டினாலன்றி அவர்கள் மனம் அமைதி அடைவதில்லை. சிற்றூரைக் கண்டால் நகரம் என்பர்; நகரத்தைக் கண்டால் பேரரசு என்பர். இத்தகைய உயர்வுநவிற்சி பழம்பொருளுக்குப் பெருமை சேர்ப்பதாக நம்மில் பலர் எண்ணுகின்றோம். அஃது அப்பொருளை நம் கண்ணிலிருந்து மறைத்து விடுகின்றது என்பதே என் துணிபு. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, உலகின் வடகோடியிலே உள்ள ஒரு கூழாங்கற் கரையாகும்.

அலாஸ்காவின் வடமேற்கிலே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், கடலினுள்ளே விரல்போல நீண்டு கிடக்கும் நிலம் பொயின்ற் ஹோப். இனூப்பியாற் மக்கள் அதனைத் திக்கிகாக் என்பர். அங்கே 1939ஆம் ஆண்டுக் கோடையில் ஃபுறோலிக் றெயினி, டென்மார்க்கைச் சேர்ந்த ஹெல்கே லார்சன், லூயிஸ் கிடிங்ஸ் என்னும் மூவர் ஆராய்ச்சிக்குச் சென்றனர். மரமில்லாத அந்த வெளியிலே, சில இடங்களில் மட்டும் புல்லின் நிறம் வேறுபட்டிருந்தது. கூர்ந்து நோக்கியபோது அவ்விடங்கள் சதுரங்களாகத் தென்பட்டன. ஒவ்வொரு சதுரமும் இடிந்து தூர்ந்த ஒரு வீடு. எண்ணிப் பார்த்தபோது தொகை அறுநூறைத் தாண்டிற்று. 'இப்பியூத்தாக்' என்ற பெயரால் உலகம் இன்று அறிந்திருப்பது இந்தக் குடியிருப்பையே.

இனி, அவ்வீடு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டும். நிலத்தைச் சிறிது ஆழமாகத் தோண்டி, கடல் ஒதுக்கிய மரங்களை நாட்டி, வேரோடு பெயர்த்த புற்கட்டிகளால் மூடிய ஓர் அறை. நடுவிலே அடுப்பு, சுவரோரமாக இருக்கவும் படுக்கவும் உயர்த்திய திண்ணைகள். மாரி இருளிலும் குளிரிலும் கழியும் நாட்டிலே, கரையில் ஒதுங்கும் விறகை நம்பி ஒரு குடும்பம் அங்கே வாழ்ந்தது. கடல்நாயையும் வால்ரசையும் பனிமானையும் வேட்டையாடினர். மட்பாண்டம் இல்லை, அப்பிரதேசத்துப் பிற்கால மக்கள் உயிரினும் மேலாகப் பேணிய எண்ணெய் விளக்கும் இல்லை, திமிங்கில வேட்டைக்குரிய கருவிகளும் இல்லை. எனினும் வால்ரசின் தந்தத்திலே அவர்கள் செதுக்கிய சுருள்களையும் சங்கிலிகளையும் பார்த்தவர் எவரும் அவர்களை எளியவர் என்று ஒதுக்கார்.

அறுநூறு வீடுகள், ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு, நிரை நிரையாக! இதனைக் கண்டவர்களுக்கு 'நகரம்' என்ற சொல் நாவிலே எழுந்ததில் வியப்பில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற சஞ்சிகை ஒன்றில் 1942இல் றெயினி எழுதிய கட்டுரையின் தலைப்பே அதனை அலாஸ்காவின் ஆகப் பழைய ஆர்க்டிக் பட்டினமாக்கிற்று. நிரைகள் வீதிகளாயின, குழிகளைப் பெருக்கிச் சனத்தொகையும் கணிக்கப்பட்டது.

ஆயின் மரத்தாலும் மண்ணாலும் ஆன வீடு என்றென்றைக்கும் நிற்பதன்று. தந்தை கட்டியது இடிய, மைந்தன் அருகிலே வேறொன்று கட்டுவான். நூற்றாண்டுகள் பல சென்றால் நூறு பேர் வாழ்ந்த ஊரும் நூற்றுக்கணக்கான குழிகளை விட்டுச் செல்லும். வீதிகள் என்று மயங்கிய நிரைகளோ, கடல் காலந்தோறும் ஒதுக்கிய கூழாங்கல் மேடுகள். ஈரமில்லாத மேட்டிலே வீடு கட்டுவதற்கு நகரத் திட்டம் எதுவும் வேண்டுவதில்லை. கரிக்கதிர்க் காலக்கணிப்பு வந்த பின்னர் வீடுகள் யாவும் ஒரே காலத்தன அல்ல என்ற கருத்து வலுப்பெற்றது. நகரம் கரைந்தது. என் கணிப்பில், அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

அம்மூவருள் கிடிங்ஸ் என்பவரே இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவர். 1958 முதல் அவர் தெற்கே கிறூசன்ஸ்ரேண் முனையை ஆராய்ந்தார். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக 114 கடற்கரை மேடுகள். மக்கள் எப்போதும் கடலை ஒட்டியே குடியிருப்பர். கடல் புதுமேடு ஒதுக்க, அவர்களும் முன்னேறுவர். ஆகவே கடலோரத்திலே அண்மைக்காலம். உள்ளே நடக்க நடக்க ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம் ஆண்டுகள். மற்றையோர் ஆழத் தோண்டிப் படித்த காலத்தை அவர் நடந்து படித்தார். உள்ளே தள்ளி, 53ஆம் மேட்டிலே, ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு சிறு குடியிருப்பு: மாரிக்கு ஐந்து வீடுகள், கோடைக்கு ஐந்து வீடுகள், அவ்வளவே. அம்மக்களின் முன்னோர் யார், பின்னோர் யார் என்பதை எவரும் இதுவரை நாட்டவில்லை. அந்தப் பத்து வீடுகள் அறுநூறு வீடுகளிலும் பெரிய வினாவை எழுப்புகின்றன அல்லவா?

ஆனால் உலகம் இப்பியூத்தாக்கை நினைவில் வைத்திருப்பது வீடுகளுக்காக அன்று, புதைகுழிகளுக்காக. தந்தத்தாற் செய்த கண்கள் பதித்த மண்டையோடுகள் அங்கே கிடைத்தன. படங்களில் நாம் காண்பவை அவையே. அங்குத் தோண்டிய எலும்புக்கூடுகள் நியூயோர்க் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அடுப்புச் சாம்பலையும் உடைந்த எலும்பையும் காண எவர் வரிசையில் நிற்பார்? ஆயினும் அம்மக்கள் எதை உண்டனர், எந்தப் பருவத்தில் வந்து தங்கினர், எவரோடு பண்டம் மாற்றினர் என்பவற்றைச் சொல்லக்கூடியது வீட்டின் தரையே.

இன்னுமொரு செய்தியையும் இங்கே கூறாதிருக்க முடியாது. நகரம் என்று கொண்டாடிய அதே நாட்டின் அணுசக்தி ஆணைக்குழு, 1958இல், பொயின்ற் ஹோப்பிலிருந்து முப்பது மைல் தொலைவிலே அணுக்குண்டுகளை வெடித்துத் துறைமுகம் அமைக்கத் திட்டமிட்டது. தேர் என்று பொருள்படும் 'சாரியற்' என்ற பெயரை அதற்குச் சூட்டினர். எட்வேட் ரெல்லர் அதன் தலையாய ஆதரவாளர். வெறும் நிலம் என்பதே அவர்கள் வாதம். பொயின்ற் ஹோப் மக்கள் 1961இல் ஜனாதிபதி கெனடிக்கே எழுதி எதிர்ப்புத் தெரிவித்தனர்; 1962இல் திட்டம் கைவிடப்பட்டது. பல நூற்றாண்டுகள் வீடு கட்டி வாழ்ந்த கரையை வெறும் நிலம் என்பதும், அதனைப் பட்டினம் என்பதும் ஒரே குறையின் இரு தோற்றங்கள் என்றே எனக்குப் படுகின்றது. இரண்டிலும் வீட்டைக் கண்டவர் இல்லை.

இன்று அணுக்குண்டு வேண்டியதில்லை, கடலே போதும். கரையைக் காத்து நின்ற கடற்பனி பிந்தி உறைகின்றது. இலையுதிர்காலப் புயல் தடையின்றி வந்து மோதுகின்றது. உறைநிலம் இளகிச் சரிகின்றது. பொயின்ற் ஹோப் மக்களே 1970களில் தம் ஊரைக் கிழக்கே நகர்த்த நேர்ந்தது. இன்னும் வடக்கே, வலக்பா என்னுமிடத்தில், நிலையானது என்று கருதப்பட்ட கரைமேடு 2013ஆம் ஆண்டுக்குப் பின் அறுக்கப்பட்டு, உள்ளிருந்த வீடுகள் கடலுக்கு முன் திறந்து கிடந்தன. உறைநிலத்துள் நூற்றாண்டுகள் கெடாதிருந்த மரமும் தோலும் வெளிக்காற்றுப் பட்டதும் அழுகத் தொடங்குகின்றன.

எல்லாவற்றையும் காப்பாற்ற எவராலும் முடியாது. எதை முதலில் என்பதே கேள்வி. என்னைக் கேட்டால், புதைகுழிகளை அவற்றின் வழித்தோன்றல்களின் தீர்ப்புக்கு விட்டுவிட்டு, கரையோரத்துக்கு மிக அணித்தாயுள்ள சிறிய வீட்டிலே தொடங்குக என்பேன். அகழ்வதும் அவ்வூராரையே துணைக்கொண்டு நடைபெறல் வேண்டும். றெயினிகூடத் திமிங்கில வேட்டையைப் பற்றி அறிந்ததெல்லாம் பொயின்ற் ஹோப் மக்களுடன் தங்கித்தான். அடுப்பைச் சுற்றியுள்ள மண்ணைச் சல்லடையில் அரித்தெடுக்கச் சில வாரங்கள் போதும். அடுத்த புயல் புரட்டாதியிலே வந்துவிடும்.