மார்க்கட்டிங்கில் பத்து வருடம் ஓடியவருக்கு எந்தப் பட்டம்?



ஏ.எல் முடித்த பிள்ளையிடம் "அடுத்து என்ன?" என்று ஊரே கேட்கிறது. முப்பத்தைந்து வயதில் ஏரியா மெனேஜராக நிற்கும் தம்பியிடம் யாரும் கேட்பதில்லை. தன்னிடம் வேலை பழகியவர் தனக்கே மேலதிகாரியாக வந்த பிறகுதான் அவர் எம்பிஏ தேடுகிறார். அந்த அவசரத்தில்தான் காசு போகிறது.

நம்மவர்கள் முதலில் விசாரிப்பது "எத்தனை மாதம், எவ்வளவு?" என்றுதான். எங்கே தடைப்பட்டு நிற்கிறோம் என்று பார்ப்பதில்லை. டீலர், டார்கெட் எல்லாம் கைவந்தவரைப் பெரும்பாலும் தடுப்பது பட்ஜெட்டும் இலாப நட்டக் கணக்கும்தான். அவருக்கு எம்பிஏ பொருந்தும். பிராண்ட், சந்தை ஆய்வு, டேட்டா பக்கம் போக விரும்புபவருக்கு மார்க்கட்டிங்கிலேயே முதுமாணி நல்லது. முதல் பட்டமே இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தவர்களும் நம்மில் நிறைய. அவர்கள் சி.ஐ.எம், ஸ்லிம் போன்ற தொழில்சார் தகைமைகளில் தொடங்கலாம். அது எம்பிஏ அனுமதிக்குப் போதுமா என்பதைப் பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்டுக்கொள்வோம்.

விளம்பரத்தில் இருக்கும் கண்ணாடிக் கட்டடத்தை விடுவோம். பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்ப்போம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 30 கிரெடிட் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்த 60 கிரெடிட் முதுமாணி 10ஆம் மட்டம். கம்பனிப் பதவி உயர்வு மட்டும் நோக்கம் என்றால் 9 போதலாம். பின்னாளில் விரிவுரையாளராகும் எண்ணமிருந்தால் 10ஐப் பார்க்க வேண்டும். சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

கல்முனையிலிருந்து வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி ஞாயிறு கொழும்பில் வகுப்பு முடித்து, திங்கள் காலை வேலைக்கு நிற்பது இரண்டு வருடம் தாங்குமா? வீட்டில் பிள்ளைகள் வாப்பாவை எப்போது பார்ப்பார்கள்? திறந்த பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி எம்பிஏ இருக்கிறது, அதையும் விசாரிப்போம். தமிழ் மூலம் படித்தவர்கள் ஆங்கில வாசிப்பை ஆறு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. ஆசிரியர்களாக நாம் காண்பது, மூளை குறைந்து யாரும் விடுவதில்லை, வாசிப்பு பின்தங்கித்தான் விடுகிறார்கள்.

கட்டணத்துக்கு வட்டிக் கடன் மட்டும் வேண்டாம். ஒரு வருடம் பிந்தினாலும் சேர்த்து வைத்துப் படிக்கலாம்.

இஸ்திகாரா தொழுவோம், மசூரா செய்வோம். ஆனால் மசூராவைப் பாடநெறி விற்கும் கவுன்சிலரிடம் செய்ய வேண்டாம். அதே பாடநெறியை முடித்து மூன்று வருடமான இரண்டு பேரைப் பிடித்து, "சம்பளம் எவ்வளவு கூடியது?" என்று கேட்போம். சபையில் சொல்ல மாட்டார்கள். தனியாகக் கேட்டால் சொல்வார்கள்.