பதினஞ்சு ஐட்டம் இருக்கு... முள் எடுக்க ஒண்ணு இருக்கா?

போன வாரம் ஷூ பற்றிப் பேசினோம். இந்த வாரம் ஷூவையும் ஓட்டை போட்டுக்கிட்டு உள்ளே வர்ற ஆசாமியில் இருந்து ஆரம்பிப்போம். முள்!

செகண்ட் இயர் படிக்கும்போது நாங்க ஆறு பேர் ஜவ்வாது மலைக்குக் கிளம்பினோம். ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ், அங்கேருந்து நடராஜா சர்வீஸ். கிளம்புறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் பிளாட்பாரக் கடை ஒண்ணில் நான் ஒரு மல்டி டூல் வாங்கினேன். "பதினஞ்சு ஐட்டம் தம்பி, ஃபாரின் சரக்கு" என்றார் கடைக்காரர். நூத்தம்பது ரூபாய். கத்தி, கட்டிங் பிளேயர், ரம்பம், டின் ஓப்பனர், கத்தரிக்கோல், மீன் செதில் தேய்க்கிற ஒரு சமாசாரம்கூட இருந்தது. உறையோடு பெல்ட்டில் மாட்டிக்கிட்டு பஸ்ஸில் ஏறினப்ப நான் விட்ட பந்தா இருக்கே... விடுங்க, இப்ப நினைச்சா எனக்கே சிரிப்பு வருது.

மத்தியானம் பதினொரு மணி இருக்கும். ரப்பர் செருப்போடு மலையேற வந்த மகானுபாவன் ஒருத்தன் எங்க கேங்கில் இருந்தான். "ஆ"ன்னு ஒரு அலறல். செருப்பைத் துளைச்சு, குதிகால்ல ஏறி, பாதியில உடைஞ்சு நிக்குது முள். எல்லாரும் என் பெல்ட்டைப் பார்த்தாங்க. ஹீரோ என்ட்ரி!

முதல்ல பிளேயர். முனை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லை. நடுவுல ஒரு தீக்குச்சி போற அளவுக்கு இடைவெளி. முள் வழுக்கி வழுக்கிப் போச்சு. அடுத்து கத்தி. நுனியால லேசா நெம்பி எடுத்துடலாம்னு அழுத்தினேன். எனக்கு இன்னிக்கும் புரியாத தைரியம் அது. கத்தி படக்குனு பின்னாடி மடங்கி என் ஆள்காட்டி விரல்ல இறங்கிடுச்சு. இப்ப ரெண்டு பேஷன்ட். பிளாஸ்டர் ரோலை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தா, அது வெட்டாம துணியை மடிச்சு மடிச்சு வாயில வெச்சுக்குது. கடைசியில பல்லால கடிச்சுத்தான் கிழிச்சோம்.

அந்தப் பக்கமா ஆடு மேய்ச்சுக்கிட்டு வந்த தாத்தா ஒருத்தர் நின்னு பார்த்தார். அரைஞாண் கயிற்றில் ஒரு சின்ன வளையம் தொங்கினது. அதில் ஒரு ஊசி, ஒரு சாமணம், ஒரு காது குடைச்சி. முள்வாங்கி! அவனைக் கல்லு மேல உட்கார வெச்சு, முள்ளைச் சுத்தி ஊசியால தோலைக் கொஞ்சம் விலக்கி, சாமணத்தால ஒரே இழுப்பு. ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. அப்புறம் என் டூலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு கேட்டார்: "இம்மாம் பெருசு வெச்சிக்கினு கீறியே தம்பி, ஒரு முள்ளு எடுக்க வரலியா?"

அந்தக் கேள்வியைத்தான் கடைக்குப் போறப்ப நீங்களும் கேட்கணும் பாஸ். எத்தனை ஐட்டம் இருக்குங்கிறது முக்கியமில்லை. நமக்கு வேண்டிய ஐட்டம் இருக்கா?

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் பாருங்க. 1891-ல கார்ல் எல்ஸ்னர் ஸ்விஸ் ராணுவத்துக்கு மடக்குக் கத்தி செய்து கொடுக்க ஆரம்பிச்சார். அதில் டின் ஓப்பனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்ததுக்குக் காரணம் இருக்கு. சிப்பாய் டின்னில் அடைச்ச சாப்பாட்டைத் திறக்கணும், துப்பாக்கியைக் கழற்றி மாட்டணும். பின்னாடி விக்டோரினாக்ஸ்னு பேர் எடுத்த கம்பெனி அவரோடதுதான். டிம் லெதர்மேன் கதை வேற மாதிரி. அமெரிக்காக்காரர். 1975-ல மனைவியோட ஐரோப்பாவைப் பழைய ஃபியட் கார்ல சுத்தினார். கார் மக்கர் பண்ணும், தங்கின ஓட்டல்ல குழாய் ஒழுகும். கையில இருந்ததோ ஒரு மடக்குக் கத்தி. 'இதுல ஒரு பிளேயர் இருந்தா எப்படி இருக்கும்!'னு யோசிச்சவர், 1983-ல அதை விற்பனைக்கே கொண்டு வந்துட்டார். ஆக, ஒருத்தருக்குத் துப்பாக்கி ஸ்க்ரூ, இன்னொருத்தருக்கு ஒழுகுற குழாய். காலையில ஏறி சாயங்காலம் இறங்குற நமக்கு?

நமக்கு முதல் தேவை சாமணம். ரெண்டாவது கத்தரிக்கோல். பிளாஸ்டர் வெட்ட, கொப்புளத்துக்கு மேல டேப் ஒட்ட, பிஞ்சு போன பேக் வார் நூலை நறுக்க, ஷாம்பு சாஷே மாதிரி சதி பண்ற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத் திறக்க... ஒரு நாள் நடையில அதிகம் வெளியே வர்றது இதுதான். மூணாவது, விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கத்தி. கொய்யாப்பழம் வெட்டவும் கயிறு அறுக்கவும் அது தாராளம். பைக்கில அடிவாரம் வரைக்கும் போற பார்ட்டின்னா ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் சேர்த்துக்கலாம்.

டின் ஓப்பனர்? நாம கொண்டு போறது புளிசாதம் மக்கா. கார்க் திருகி? அது எதுக்குன்னு வீட்டில் அப்பா கேட்டா, இறுகிப் போன முடிச்சை அவிழ்க்கன்னு சொல்லுங்க. நிஜமாவே அதுக்கு நல்லா உதவும்! ரம்பம் மட்டும் வேண்டவே வேண்டாம். ரிசர்வ் ஃபாரஸ்ட்ல ஒரு கிளையை வெட்டினாலும் கேஸ். வெட்டின கிளையில நெருப்பு மூட்டுறது அதைவிட மோசம். 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி காட்டுத் தீயில ட்ரெக்கிங் போன 23 பேர் உயிர் போனதை மறக்க முடியுமா? அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகளே வந்தது. 2024-ல இருந்து வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஆன்லைன்ல புக்கிங் வெச்சு, வழிகாட்டியோட கூட்டிட்டுப் போறாங்க. அனுமதி இல்லாம காட்டுக்குள்ள நுழையறவனுக்கு எந்த டூலும் உதவாது.

இந்தக் கணக்கில பார்த்தா சின்னதுதான் ஜெயிக்கும். விக்டோரினாக்ஸ் கிளாசிக் 58 மில்லிமீட்டர் நீளம், இருபது கிராம் சொச்சம் எடை. கத்தி, கத்தரிக்கோல், நகம் தேய்க்கிற அரம், சாமணம், பல்குத்தி. சாவிக்கொத்தில் தொங்கும். கை கொஞ்சம் பெருசா, பிடி போதலையா? அதே கம்பெனியோட 91 மில்லிமீட்டர் மாடல்கள்ல கத்தரிக்கோல் உள்ளதா பாருங்க. சூப்பர் டிங்கர்ல கத்தரிக்கோலோட ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் உண்டு. அதுவும் நூறு கிராமுக்குள்ளதான். பிளேயர் உள்ள லெதர்மேன் வேவ் மாதிரி ஐட்டம் கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் கம்மி. சூப்பரான சாமான், சந்தேகமே இல்லை. பைக் ரிப்பேர், ஹாஸ்டல் ரூம் ஃபேன் எல்லாத்துக்கும் ஓ.கே. ஆனா மலைக்குன்னா அந்த வெயிட்டுக்குக் கால் லிட்டர் தண்ணி கூடுதலா தூக்கிட்டுப் போவேன் நான்.

பிராண்டட் வாங்க பட்ஜெட் உதைக்குதா? பரவாயில்லை. பேர் தெரியாத கம்பெனியிலும் நல்லது இருக்கு, டுபாக்கூரும் இருக்கு. கடையிலேயே டெஸ்ட் பண்ணிடுங்க. கத்தியைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க, ஆடக்கூடாது. திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்'குனு ஸ்ப்ரிங் பிடிக்கணும். லொடலொடன்னு விழுந்தா அதுதான் என் விரலைக் கடிச்ச ஜாதி. பிளேயர் இருந்தா மூடி, வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. முனையில் வெளிச்சம் தெரியக்கூடாது. கத்தரிக்கோலால பேப்பரை வெட்டிட்டு ஏமாந்துடாதீங்க. கர்ச்சீப் ஓரத்தை, அதுவும் கத்தரிக்கோலின் நுனியால வெட்டிப் பாருங்க. சாமணத்தால உங்க கையில இருக்கிற ஒரே ஒரு முடியைப் பிடிச்சு இழுங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டுமே! சாமணம் உறையில் இறுக்கமா உட்காருதான்னும் பாருங்க. முதல்ல தொலையறது அதுதான்.

இன்னொண்ணு. நல்ல பிராண்டா இருந்தாலும் நான் சொன்ன சின்ன மாடல்கள்ல கத்தி லாக் ஆகாது, ஸ்ப்ரிங் மட்டும்தான் பிடிச்சிருக்கும். அதனால நுனியால குத்துறது, நெம்புறது எல்லாம் கூடாது. அறுக்கிறதோடு நிறுத்திக்கணும். முள் எடுக்கவும் கத்தி வேண்டாம். சானிடைசரில் சாமணத்தைத் துடைச்சு, முள் போன திசையிலேயே இழுக்கணும். நுனி உள்ளே உடைஞ்சு தங்கிட்டா தோண்டாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு அம்மாகிட்ட கேட்டு வெச்சுக்கங்க.

கத்தி கையில இருக்கிற தைரியத்தில் சிலர் பண்ற படுமோசமான காரியம் பாம்புக்கடிக்குக் கீறி விடுறது. சினிமாவில் வரும். நிஜத்தில் செய்யவே கூடாது. கீறக்கூடாது, வாயால உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாம, கை காலை அசைக்கவிடாம, 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுதான் ஒரே வேலை. டூல் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் வேர்வையும் பழச்சாறும் போகக் கழுவி, நல்லா காயவெச்சு, மடியற இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்க. தேங்காய் எண்ணெய் விட்டீங்கன்னா நாளாக ஆகப் பிசுபிசுன்னு ஒட்டிக்கும். மறக்காம பேக்கின் மேல் பாக்கெட்டிலேயே திருப்பிப் போட்டுடுங்க. அடியில சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே கிடந்தா, தேவைப்படுற நேரத்தில் பேக்கையே கவுக்கணும்.

ஃப்ளைட்டில் போறதா இருந்தா மட்டும் சாவிக்கொத்தில் இருந்து கழற்றி செக்-இன் பையில் போட்டுடுங்க. கையில கொண்டு போற பையில இருந்தா செக்யூரிட்டியில் வாங்கி வெச்சுக்குவாங்க. எனக்கு ரெண்டு அப்படித்தான் போச்சு.